ஒரே ஒரு வேர்க்கடலையில் எவ்வளவு கலோரி? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் செய்து பார்த்தோம். யோசனை எளிது. கடலையை எரிக்கிறோம், அந்தச் சூடு தண்ணீரில் ஏறுகிறது, எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறோம். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்தான் 1 கலோரி. எளிது என்று சொன்னேனே தவிர, உருப்படியான ஓர் எண் கிடைக்க எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

தேவையானவை: காலியான குளிர்பான அலுமினியக் கேன், பெரிய பால்பவுடர் டின், கபாப் குச்சி, தடிமனான தையல் ஊசி, அரை உருளைக்கிழங்கு, மெழுகுவத்தி, தெர்மாமீட்டர், தராசு, வறுத்த உப்பில்லாத வேர்க்கடலை. பச்சைக் கடலை வேண்டாம், ஈரம் இருப்பதால் பற்றவே நேரமாகும்.

தெர்மாமீட்டர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் பார்ப்பது உதவாது. எங்கள் வீட்டு டிஜிட்டல் கருவி 29 டிகிரித் தண்ணீரில் ‘லோ’ என்று மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகையும் வேண்டாம், பளபளப்பான அலுமினியத்தைப் பார்த்து அது தாறுமாறாக எதையோ சொல்லும். ஆய்வகக் கடைகளில் கிடைக்கும், சிவப்புத் திரவம் ஏறும் சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர்தான் என் தேர்வு. பாதரசம் உள்ளதை வாங்காதீர்கள். பிள்ளைகள் கையில் அது உடைந்தால் பெரிய தலைவலி.

தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். சமையலறைத் தராசில் ஒரு கடலையை வைத்தால் சில சமயம் 0, சில சமயம் 1. அதை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது!

சரி, செய்முறை. டின்னின் மேல்மூடி, அடிப்பாகம் இரண்டையும் எடுத்துவிட்டுக் கூரான விளிம்புகளைக் குறடால் மடக்கிவிடுங்கள் (பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை). அடி விளிம்பைச் சுற்றி ஆணியால் ஏழெட்டு ஓட்டைகள் போடுங்கள். கேனின் மேல்பகுதியில் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டுக் குச்சியைச் செருகி, குச்சி டின்னின் மேல்விளிம்பில் உட்காரும்படி கேனை உள்ளே தொங்கவிடுங்கள். கேனின் வாய் திறந்தே இருக்கட்டும். அதில் 100 மி.லி தண்ணீர். பலர் 50 என்கிறார்கள். 50 ஊற்றினால் கேனுக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்கூட வராது, தெர்மாமீட்டரின் குமிழ் அடியில் முட்டி உலோகத்தின் சூட்டைக் காட்டும்.

ஊசியின் காது இருக்கும் முனையை உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்துங்கள். கூரான முனையில் கடலையை மெதுவாகத் திருகி ஏற்றுங்கள், அழுத்தினால் இரண்டாகப் பிளந்துவிடும். தக்கை இருந்தால் நல்லது என்பார்கள். இந்தக் காலத்தில் தக்கைக்கு எங்கே போவது?

எடை போடும்போது கடலையைத் தனியாகப் போடாதீர்கள். ஊசியும் கடலையுமாகச் சேர்த்துப் போடுங்கள். எரிந்து முடிந்து ஆறியதும் ஊசியும் கரியுமாக மறுபடி போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எரிந்த அளவு. முதல் வாரம் நாங்கள் முழுக்கடலையின் எடையாலேயே வகுத்தோம், எரியாமல் மிஞ்சிய கரியை மறந்துவிட்டோம். அடுத்த முறை கரியைத் தனியாக எடுக்கப் போனால் விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டது.

தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கடலையை டின்னுக்கு வெளியே வைத்துப் பற்றவையுங்கள். தீப்பொறி மட்டும் வரும் அடுப்பு லைட்டர் வேலைக்கு ஆகாது, மெழுகுவத்தியே சிறந்தது. கடலை தானாக எரியத் தொடங்கியதும் மெழுகுவத்தியை விலக்கிவிட்டு, கேன் தொங்கும் டின்னைத் தூக்கிக் கடலைக்கு மேல் வைத்துவிடுங்கள். கடலைக்கும் கேனின் அடிக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் போல இருக்கட்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவரும் ஒரு வாளித் தண்ணீரும் கட்டாயம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் அந்தப் புகையின் பக்கமே வரக் கூடாது.

தீ அணைந்தவுடன் வெப்பநிலையைப் பார்த்துவிடாதீர்கள். மெதுவாகக் கலக்கிவிட்டு இன்னும் அரை நிமிடம் காத்திருங்கள். கேனின் அடியில் இருக்கும் சூடு தண்ணீருக்கு வந்து சேர்வதால் இன்னும் கொஞ்சம் ஏறும். அந்த உச்ச அளவுதான் நமக்கு வேண்டும்.

கணக்கு இவ்வளவுதான்: தண்ணீரின் எடை × ஏறிய டிகிரி ÷ எரிந்த கிராம்.

இனி எங்களைப் படுத்திய விஷயம். முதல் ஞாயிறு டின் எதுவும் இல்லை, இரண்டு செங்கல்லுக்கு நடுவே கேனைத் தொங்கவிட்டோம். தண்ணீர் 29 டிகிரியிலிருந்து 33 வரைதான் ஏறியது. 0.62 கிராம் கடலைக்கு 400 கலோரி, அதாவது கிராமுக்கு 0.65 கிலோகலோரி. பாக்கெட்டிலோ 100 கிராமுக்கு 567 என்று போட்டிருக்கிறது, கிராமுக்கு 5.67. ஒன்பதில் ஒரு பங்குதான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. “அப்பா, பேசாம அஞ்சுன்னு எழுதிடட்டுமா?” என்றாள் மகள்.

காரணம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் தாங்காமல் ஃபேனைப் போட்டிருந்தோம், தீ முழுக்கப் பக்கவாட்டில் சாய்ந்து காற்றைத்தான் சூடாக்கியது. ஃபேனை நிறுத்தினோம். அப்போதும் சூட்டில் பெரும்பகுதி பக்கங்களில் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் பால்பவுடர் டின். அதை மாட்டியதும் தீ சட்டென்று அணைந்துவிட்டது, மூன்று கடலை வீண். காற்று உள்ளே வர வழியே விடவில்லை! ஓட்டை போட்ட பிறகு 29லிருந்து 40.5க்கு ஏறியது. எரிந்தது 0.53 கிராம். 1,150ஐ 0.53ஆல் வகுத்தால் 2,170 கலோரி, அதாவது கிராமுக்கு 2.17 கிலோகலோரி. பாக்கெட் எண்ணில் 38 சதவீதம். தகர டின்னுக்கு இது நல்ல மதிப்பெண் என்பேன். நோட்டில் 100 கிராமுக்கு 217 என்றே எழுதினாள், ‘மீதி எங்கே போனது’ என்று அடுத்த பக்கத்தில் ஒரு படமும் வரைந்தாள்.

கலோரியையும் கிலோகலோரியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேச்சுவழக்கில் ‘இட்லிக்கு இத்தனை கலோரி’ என்பதெல்லாம் கிலோகலோரிதான், ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று. பாக்கெட்டில் உள்ள எண் பொதுவாக அந்தக் கடலையை எரித்துப் பார்த்து வந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் வகுத்த முறையில், கிராமுக்குக் கொழுப்பு 9, மாவுச்சத்து 4, புரதம் 4 என்பது போன்ற மதிப்புகளால் பெருக்கிக் கூட்டுவது. அவை உடலுக்குப் பயன்படும் ஆற்றலைக் குறிப்பவை. புரதத்தை நெருப்பில் முழுதாக எரித்தால் 4க்கும் அதிகமாகவே கிடைக்கும். உடலில் அதன் ஒரு பகுதி யூரியாவாகச் சிறுநீரில் போய்விடுகிறது. செரிக்காத நார்ச்சத்தும் நெருப்பில் எரியும். ஆகவே சூடே வீணாகாத கருவி நம்மிடம் இருந்தால் பாக்கெட் எண்ணைவிடக் கூடுதலாகவே வர வேண்டும். ஆக்சிஜன் நிரப்பிய எஃகுக் கலத்துக்குள் வைத்து எரிக்கும் பாம் கலோரிமீட்டரில் அப்படித்தான் வருகிறது.

பின்சேர்க்கை: “கேன் குடிக்கும் சூட்டைக் கணக்கில் சேர்க்கவில்லையே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். எங்கள் கேனின் எடை சுமார் 13 கிராம், அது மூன்று கிராம் தண்ணீர் அளவுக்குத்தான் சூட்டை வாங்கும். 100க்குப் பதில் 103 என்று போட்டால் 2.17 என்பது 2.23 ஆகும். குற்றவாளி கேன் அல்ல.

இன்னொருவருக்குக் கிராமுக்கு 8 வந்ததாம். விசாரித்தால், மெழுகுவத்தியை அணைக்காமல் டின்னுக்குள்ளேயே விட்டிருக்கிறார்.

அறை வெப்பநிலையைவிட ஐந்தாறு டிகிரி குறைவான தண்ணீரில் தொடங்கினால், முதலில் வெளியிலிருந்து வாங்கும் சூடும் பிறகு இழக்கும் சூடும் ஓரளவு ஈடாகும். ஐஸ் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சென்னை போன்ற ஊரில் கேன் வியர்க்கும், அந்த ஈரத்தை உலர்த்தவே பாதிக் கடலை செலவாகிவிடும்.

வேறு எதை எரிக்கலாம் என்றால், முந்திரி நன்றாக எரியும். பொட்டுக்கடலை பாதியில் அணைந்துவிடும், சர்க்கரை உருகி ஒழுகும். கொப்பரைத் துண்டில் எங்களுக்குக் கிராமுக்கு 2.5 வரை வந்தது. ஆனால் கேனின் அடி முழுக்கக் கரி. அதைத் தேய்க்க வீட்டில் இன்னும் யாரும் முன்வரவில்லை.