பீதித் தாக்குதலுக்கு நான் தேடிய மருத்துவம்

டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து வேலைக்குச் செல்லும் மினிபஸ் டாக்சியில் நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டியபோது மாரடைப்பு என்றே நம்பினேன். இருமுறை எடுத்த இ.சி.ஜி.யிலும் இதயத்தில் குறையில்லை என்று வந்ததில் ஆறுதலைவிடக் குழப்பமே மிஞ்சியது. அம்மாவோ திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார்.

திடீரெனக் காரணமின்றிப் பேரச்சம் தாக்கும் பீதிநோயால் தாமே அவதியுற்ற ஸேன் வில்சன் 1994-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றநோய்க் குழுவின் உதவி எண்ணை அழைத்த பிறகே உளவியலாளர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னை மாடிப்படிகளில் ஓடவிட்டும், உறிஞ்சுகுழல் வழியே மூச்சுவிடச் சொல்லியும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்தார். அது உச்சம் தொட்டுச் சில நிமிடங்களில் தானாகவே தணிவதை உடம்பு அப்போதுதான் கற்றுக்கொண்டது. மருத்துவர் எழுதித் தந்த செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு, பதற்ற மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆயின (முதல் வாரம் குமட்டல் வேறு). கதவோர இடம் கிடைக்கும்வரை டாக்சிகளை விட்டுவிட்டு நிற்பதை இப்போது நிறுத்திவிட்டேன்.