பள்ளியை விட்ட பையனைத் தொழிற்பயிற்சியில் சேர்ப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் மறுநாளே குற்றத்தில் இறங்கிவிடுவதில்லை. காலையில் எழுந்து போக ஓர் இடமில்லாமல் தெருமுனையில் நிற்கத் தொடங்கிய பிறகுதான், கைச்செலவுக்குக் காசு கொடுத்து 'இதைக் கொண்டுபோய்க் கொடு' என்று ஏவும் ஆட்கள் அவனை நெருங்குகிறார்கள். ஆகவே அவன் நின்ற வாரத்திலேயே நீங்கள் இறங்க வேண்டும்.

வயது 14 நிறையவில்லையென்றால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் அவனை மீண்டும் சேர்த்துக்கொள்வது பள்ளியின் கடமை. தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். வயது கடந்தவனுக்குத் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ., நல்ல வழி. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதைப் பல பெற்றோர் அறியாமல், 'பத்தாவது இல்லையே' என்று முயலாமலே விட்டுவிடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழை உடனே வாங்கி வையுங்கள். தமிழக அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொகை சிறிதுதான், ஆனால் வீட்டில் கையேந்தாமல் இருக்க அது உதவும். சேர்க்கை தொடங்கும்வரை தட்டச்சு வகுப்பிலாவது சேர்த்து, அவன் நாளுக்கு ஓர் ஒழுங்கு ஏற்படுத்துங்கள்.

18 வயது நிறையாதவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தில் ஏற்கெனவே அவன் மீது வழக்கு இருந்தாலும் மனம் தளர வேண்டாம். தொழிற்பயிற்சிக்குச் செல்லும்படி ஆணையிடும் அதிகாரம் அந்தக் குழுமத்துக்கே உண்டு. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்ட சிறாருக்கும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது என்கிறது; 16 வயது நிறைந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டவர்கள் மட்டுமே விதிவிலக்கு. 'கேஸ் உள்ள பையனைச் சேர்க்க முடியாது' என்று யாரேனும் சொன்னால், இந்தப் பிரிவைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அலைக்கழித்தால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழையுங்கள்.

சேர்த்தபின் முதல் மாதம்தான் சோதனை. கணக்கும் வரைபடமும் புரியாத நாளில் பழைய கூட்டாளிகள் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்களில் அறிவுரையைத் தவிர்த்து, 'இன்றைக்குப் பட்டறையில் என்ன செய்தாய்?' என்று மட்டும் கேளுங்கள். முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, சுத்தியலால் கசடைத் தட்டி, கோணாமல் வந்த தன் முதல் வெல்டிங் பற்றவைப்பைப் பார்த்தவன், அதை உங்களிடம் சொல்லத் தானே வாய்திறப்பான். அவன் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.