இரண்டு ஸ்விஃப்ட்டிலிருந்து ஒரு ஸ்விஃப்ட்: காரின் உட்புறத்தை நாமே மாற்றுவது எப்படி?

மாமா ஓட்டிய 2007 மாடல் ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ (வசதிகள் குறைந்த அடிப்படை வகை) என் கைக்கு வந்தபோது அதன் பாடியில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. சேலத்தைத் தாண்டி அதிகம் போகாத வண்டி. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் அழுகை வரும். டிரைவர் சீட் ஒரு பக்கம் குழி விழுந்து, துணி வெயிலில் வெளுத்து, கண்ணாடி சுற்றும் கைப்பிடி கையோடு வந்துவிடும் நிலை.

அதே சமயம் சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு 2008 இசட்எக்ஸ்ஐ (அதே ஸ்விஃப்ட்டில் வசதிகள் கூடிய உயர் வகை) விலைக்கு நின்றது. சீட்டில் உட்கார்ந்தால் நேற்று ஷோரூமிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். மேட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் ஓட்டை, அதன் வழியே ரோடு தெரிகிறது. உப்புக்காற்றின் வேலை.

இந்த இரண்டையும் சேர்த்தால் எனக்கு வேண்டிய கார் கிடைத்துவிடும் என்று தோன்றியது. நான் மெக்கானிக் இல்லை, ஆபீஸ் உத்தியோகம். நான்கு வார இறுதிகளில் முடித்தேன். ஸ்பானரை ஒழுங்காகப் பிடித்துப் பழகாதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, தலைமுறை ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவில் முதல் ஸ்விஃப்ட் 2005 மே மாதம் வந்தது. 2011-ல் புது வடிவம் வரும்வரை அதே பாடிதான். நடுவில் 2007-ல் டீசல் வந்தது, 2010-ல் பெட்ரோல் இன்ஜின் 1.3 லிட்டரிலிருந்து 1.2 ஆனது. சீட் வேலைக்கு அதெல்லாம் பொருட்டல்ல. 2011-க்குப் பிறகு வந்ததை மட்டும் இதோடு கலக்காதீர்கள். 2008-ல் வந்த முதல் டிசையரின் முன்பாதி கிட்டத்தட்ட இதே ஸ்விஃப்ட்தான் என்பதால், இளம் பழுப்பு நிற உட்புறம் பிடித்தவர்கள் அதையும் தேடலாம். அதன் பின்பாதியை நான் நம்ப மாட்டேன்.

எதை வாங்கினாலும் ஒரு டேப்போடு போங்கள். சீட் தண்டவாளத்தின் நான்கு போல்ட்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை நீளம், அகலம், குறுக்கு என மூன்று விதமாக அளந்து உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். பின் சீட் பிரித்து மடிக்கும் வகை என்றால், அது வந்து பூட்டிக்கொள்ளும் கொக்கிக்கான துளை உங்கள் பாடியில் இருக்கிறதா என்று பாருங்கள். தகட்டில் புதிதாகத் துளை போட்டு சீட்டை மாட்டுவது இந்தப் பதிவில் கிடையாது. விபத்தில் அந்தச் சீட் பெயர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் உங்களுக்கும் அந்த ஆசை வராது.

காகித வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். உறுப்புகளைக் கழற்றிய பிறகு மிஞ்சும் கூட்டை, ஆர்சி-யை ரத்து செய்யாமல் எடைக்குப் போடக் கூடாது. ஓட்டவே முடியாமல் போன வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரம், ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. அதே சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஐந்து பேர் சீட்டுக்கு ஐந்து பேர் சீட்டே இருக்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

தொடக் கூடாதவை

இசட்எக்ஸ்ஐ-யில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் உண்டு. என் எல்எக்ஸ்ஐ-யில் கிடையாது. அந்த ஸ்டியரிங்கையும் டேஷ்போர்டையும் கழற்றி என் வண்டியில் மாட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஏர்பேக் என்பது தனியாக ஒரு பை அல்ல. மோதலை உணரும் சென்சார், முடிவெடுக்கும் கம்ப்யூட்டர், ஸ்டியரிங் சுற்றினாலும் அறுந்துபோகாத சுருள் ஒயர், இவை அத்தனையும் சேர்ந்ததுதான் ஏர்பேக். அவை இல்லாமல் மாட்டினால் "ஏர்பேக்" என்று எழுதிய ஒரு மூடிதான் நம் முன்னால் இருக்கும். பிற்பாடு வண்டியை வாங்குபவர் அதை நம்பிக் குடும்பத்தோடு ஏறுவார். அதனால் டேஷ்போர்டையும் ஸ்டியரிங்கையும் அங்கேயே விட்டேன்.

மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் சீட் பெல்ட் சுருளிலும், புது வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் இருக்கும். அந்த ஒயர் போய்ச் சேரும் பாகத்துக்குள் வெடிமருந்து இருக்கிறது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி குறைந்தது 10 நிமிடம் காத்திருக்காமல் அதன் பக்கம் போக வேண்டாம். மல்டிமீட்டர் முனையால் அதைச் சோதிக்கவே கூடாது.

மீட்டரையும் மாற்றாதீர்கள். பல வண்டிகளில் ஓடிய கிலோமீட்டர் கணக்கு மீட்டருக்குள்ளேயே இருக்கும். மீட்டர் மாறினால் கணக்கும் மாறிவிடும். நாளைக்கு விற்கும்போது நீங்கள் சொல்வதை யார் நம்புவார்?

சாமான்கள்

10, 12, 14, 17 எம்எம் சாக்கெட், ராட்செட், ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் நெம்புகோல் செட், துரு இளக்கும் ஸ்பிரே, ஜிப் லாக் கவர், மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா. டோர் பேடை (கதவின் உட்புறத்தை மூடும் பலகை) பிடித்திருக்கும் கிளிப் ஒரு 40 வாங்கி வையுங்கள். சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கை நிறைய அள்ளித் தருவார்கள். பழைய கிளிப் பாதி உடையும், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

முதல் படி: உங்கள் வண்டியில் பழகுங்கள்

எல்லோரும் வாங்கிய பழைய வண்டியில்தான் முதலில் கை வைப்பார்கள். அது தப்பு. நமக்கு வேண்டிய உறுப்புகள் அதில்தானே இருக்கின்றன? உடையப் போவது எப்போதும் முதலில் கழற்றுவதுதான். அதனால் உங்கள் வண்டியில், எப்படியும் தூக்கிப் போடப் போகும் ஒரு முன் சீட்டையும் ஒரு முன் டோர் பேடையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். நான் இப்படி என் வண்டியில் உடைத்தது இரண்டு கிளிப், ஒரு கைப்பிடி மூடி. திருவான்மியூரில் உடைத்தது ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: சீட்

பேட்டரி முனையைக் கழற்றும் முன்பே ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள், கை நுழைக்க வசதி. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி முன் போல்ட் இரண்டையும், பிறகு முன்னால் தள்ளிப் பின் போல்ட் இரண்டையும் எடுங்கள். என் வண்டியில் எல்லாம் 14 எம்எம். இறுகியிருந்தால் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். சீட்டை மல்லாத்தி அடியில் ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்குங்கள். ஒரு முன் சீட் 15 கிலோவுக்குக் குறையாது, தண்டவாள முனை கத்தி மாதிரி இருக்கும். வாசல் ஓரத்தில் பழைய போர்வையை மடித்துப் போடாவிட்டால் பெயின்டில் ஒரு கோடு நிச்சயம்.

பெல்ட் விஷயத்தில் ஒரு முடிவு எடுங்கள். பெல்ட்டும் அது போய்ப் பூட்டும் பக்கிளும் ஜோடி. இந்த வண்டி பெல்ட்டை அந்த வண்டி பக்கிளில் போடக் கூடாது. நான் என் பெல்ட்டுகளையே வைத்துக்கொண்டேன். என் பழைய சீட்டின் பக்கவாட்டில் இருந்த பக்கிளைக் கழற்றி, புதிதாக வந்த சீட்டில் மாட்டினேன். 17 எம்எம் போல்ட். பெல்ட்டின் போல்ட்டைத் தொலைத்துவிட்டு வேறு போல்ட்டைத் திணிக்காதீர்கள். அதன் மரை வேறு, தரமும் வேறு.

மூன்றாம் படி: டோர் பேட்

இங்கேதான் பொறுமை வேண்டும். கண்ணாடி சுற்றும் கைப்பிடியில் வெளியே ஸ்க்ரூ எதுவும் தெரியாது. பின்னால் ஒரு கம்பி கிளிப் பிடித்திருக்கும். அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். பழைய பனியன் துணியைக் கிழித்து, கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே செருகி, இரு முனைகளையும் பிடித்து ஷூ பாலிஷ் போடுவதுபோல இப்படியும் அப்படியும் இழுங்கள். துணி கிளிப்பின் முனையைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அப்போது கிளிப் பறக்கும். என்னுடையது பறந்து எதிர் வீட்டு வாசல் கோலத்தில் போய் விழுந்தது. ஒரு கையை மேலே மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உள் கைப்பிடிக் கிண்ணத்தில் ஒரு ஸ்க்ரூ, கதவை இழுக்கும் பிடியில் ஒன்றோ இரண்டோ. கீழ் மூலையில் நெம்புகோலை விட்டு ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து, கடைசியில் பேடை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மேல் விளிம்பு வளையும்.

பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரியுங்கள். ஏன் என்று கீழே வரும்.

இசட்எக்ஸ்ஐ-யில் பவர் விண்டோ. பேடில் சுற்றுக் கைப்பிடிக்குத் துளையே கிடையாது. ஆகவே பேட் வேண்டுமென்றால் மோட்டார், கண்ணாடியைத் தூக்கும் அமைப்பு, ஒயர், சுவிட்ச் எல்லாமே வேண்டும். முன் கதவு இரண்டுக்கு மட்டும் செய்தேன். கண்ணாடியை மேலே ஏற்றி, அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கீழே உள்ள போல்ட்டுகளைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி கதவுக்குள் விழும். ஒயரை எங்கேயும் வெட்டாமல், கதவு ரப்பர் குழாயோடு கப்ளரிலிருந்து கப்ளர்வரை முழுசாக உருவி எடுங்கள்.

நான்காம் படி: கார்ப்பெட்

கியர் லீவரைச் சுற்றியுள்ள கன்சோல், வாசல் ஓரப் பட்டை, பெல்ட்டின் கீழ் போல்ட் எல்லாம் கழன்றால் கார்ப்பெட் ஒரே துண்டாக வரும். திருவான்மியூர் வண்டியின் கார்ப்பெட்டுக்கு அடியில் ஐம்பது பைசா நாணயம் நான்கு, ஒரு குங்குமப் பொட்டலம், ஒரு கொலுசுத் திருகாணி. திருகாணியை உரிமையாளர் வீட்டு அம்மாவிடம் கொடுத்தபோது, அதைத் தேடிய நாளைச் சொல்லி அரை மணி நேரம் சிரித்தார்.

துருப்பிடித்த வண்டியின் கார்ப்பெட் என்பதால் இரண்டு முறை ஷாம்பு போட்டு அலசி, சேலத்து ஏப்ரல் வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். அடியில் உள்ள பஞ்சு காய்ந்ததா என்று கையை வைத்து அழுத்திப் பாருங்கள். மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தரை வெறுமையாக இருக்கும் இந்த நேரம் திரும்பக் கிடைக்காது. ரப்பர் அடைப்பான்கள் எல்லாம் இருக்கின்றனவா, மடிப்புகளில் துரு தலைகாட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சத்தம் குறைக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டுவதானால் தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை. தட்டினால் தகரம்போல ஒலிக்கும் இடங்களில், பரப்பில் கால்வாசி மூடினாலே பெரும்பகுதி அதிர்வு அடங்கும். மீதிப் பணம் கிளிப்புக்கு ஆகும்.

ஐந்தாம் படி: மாட்டுவது

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு கவரிலும் "இடது முன் சீட், பின் போல்ட்" என்று எழுதி வைத்திருந்தால் இது ஒரு நாள் வேலை. எழுதாவிட்டால் ஒரு வாரம். சீட் போல்ட் நான்கையும் முதலில் விரலால் மூன்று சுற்று ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்பானர். ஒன்றை இறுக்கிவிட்டால் மற்றது துளைக்கு நேராக வராது. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பானர்) இரவல் வாங்கி, உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

பவர் விண்டோவுக்கு சப்ளை கொடுக்கும் இடத்தில் நான் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ரிலே, தனி ஃபியூஸ் போட்டு, சாவி திருப்பினால் மட்டும் வேலை செய்யும்படி இழுத்துக் கொடுத்தார். இதைச் சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்து இழுத்து, புகை பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

பேடை மூடும் முன் கண்ணாடி, லாக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

நான் செய்த தப்பு

அந்தப் பிளாஸ்டிக் தாள். இடது முன் கதவில் பசை காய்ந்துபோயிருந்தது. செல்லோ டேப் போட்டு ஒட்டிவிட்டு பேடை மூடினேன். ஐப்பசி மழை வந்தது. மூன்றாம் நாள் காருக்குள் ஊறவைத்த சாக்கு வாசனை. கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் கதவின் அடித் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். தாள் விலகியிருந்தால் பேடுக்குள் வந்து, வாசலைத் தாண்டி கார்ப்பெட்டில் இறங்கிவிடும். கதவை மறுபடி பிரித்து, சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டைப் பாதி மடித்து ஃபேன் காற்றில் மூன்று நாள் வைத்தேன். பியூட்டைல் பசை நாடா ஒரு சுருள் வாங்கித் தாளைச் சுற்றி விரலால் அழுத்தி ஒட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. கதவை மூடும் முன் ஒரு மக்கு தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

பின் கதவுகள் இன்னும் பழைய எல்எக்ஸ்ஐ பேடோடுதான் இருக்கின்றன, கைப்பிடி மட்டும் புதுசு. அதற்கான மோட்டாரும் ஒயரும் மாடி அறையில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. போன வாரம் மாமா பின்னால் உட்கார்ந்து வந்தார். புது சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலைச் சுற்றி இறக்கிவிட்டு, "இது எப்போ சரி பண்ணினே?" என்றார்.