குழாயடியில் நாமினேஷன்: ரியாலிட்டி ஷோவைக் கலாய்த்து காமிக்ஸ் வரைவது எப்படி

பிக் பாஸைக் கலாய்த்து காமிக்ஸ் போடலாம் என்று உட்காருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் முதலில் வரைவது போட்டியாளர்களின் மூஞ்சியைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மூஞ்சி அடுத்த சீசனில் மாறிவிடும். தொகுப்பாளர்கூட நிரந்தரமில்லை: 2017ல் ஆரம்பித்து ஏழு சீசன் கமல்ஹாசன், 2024ல் எட்டாவதுக்கு விஜய் சேதுபதி. மாறாமல் இருப்பது ஷோவின் சட்டதிட்டம்தான். ஆளே தெரியாத ஒரு குரல், வெளியே போக முடியாத வீடு, தனி அறையில் போய்ச் சொல்லும் நாமினேஷன், சனி ஞாயிறு பஞ்சாயத்து, இதில் பெரும்பாலானவை 1999ல் நெதர்லாந்தில் பிறந்த பிக் பிரதரின் வாரிசுகள். கலாய்க்க வேண்டியது இதை.

இந்தச் சட்டதிட்டத்தை அப்படியே தூக்கி வட சென்னையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கில் இறக்குங்கள், பாதி காமிக்ஸ் தானாக வந்துவிடும். அங்கே யார் வீட்டில் என்ன குழம்பு, யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பதெல்லாம் கேமரா இல்லாமலேயே மூன்று மாடிக்கும் தெரியும், அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் வந்து ரகசியமாகக் கேமரா மாட்டினால் எப்படி இருக்கும்? குரலுக்கு, ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது கட்டி இன்னும் கழற்றாத கூம்பு ஸ்பீக்கர். தொகுப்பாளருக்கு மெட்ரோ வாட்டர் லாரி டிரைவர். அவர் வந்தால்தான் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், அவர்தான் யார் பக்கம் நியாயம் என்று சொல்வார், சொல்லிவிட்டு ஹாரன் அடித்துக் கிளம்பிவிடுவார்.

இப்போது ஒரு பக்கத்தை எழுதிப் பார்க்கலாம். ஆறு கட்டம் போதும்.

முதல் கட்டத்தில் ஸ்பீக்கர் மட்டும்: "போட்டியாளர்களே, இந்த வாரம் வெளியேற்ற விரும்பும் இருவரின் பெயரை, தகுந்த காரணத்துடன், ரகசிய அறைக்கு வந்து தெரிவிக்கவும்." இரண்டாவதில் அடிபம்பு, பிளாஸ்டிக் குடங்கள், எல்லாத் தலையும் அண்ணாந்து பார்க்கிறது, வசனமே வேண்டாம். மூன்றாவதில் ஒரு அக்கா, கொண்டையை முடிந்தபடி: "ரகசியம் இன்னாத்துக்கு? தோ நிக்கிறா பாரு, இவதான். என் கொடத்த நவுத்தி வெச்சா." நான்காவதில் அந்த இன்னொருத்தி: "நானும் உன்னதான் சொல்றேன், போ." ஐந்தாவதில் ஸ்பீக்கர் கொஞ்சம் தடுமாறி: "ரகசிய... அறைக்கு..." ஆறாவதில் ஒரு பொடியன் வாயில் ஐஸ் குச்சியோடு: "அது மோட்டார் ரூமு சார். சாவி இல்ல."

இதில் வேலை செய்வது இரண்டு தமிழும் மோதிக்கொள்வதுதான். அதனால் ஸ்பீக்கர் பேச்சில் ஒரு பேச்சு வழக்குச் சொல்கூட நுழையக்கூடாது, குழாயடிப் பேச்சில் ஒரு செந்தமிழ்ச் சொல்கூட வரக்கூடாது. அப்புறம், வட சென்னை என்றதும் கஸ்மாலம், பேமானி என்று அடுக்காதீர்கள், அது சினிமாக்காரர்கள் விட்டுவிட்டுப் போனது. "இன்னா", "எத்துனு", "வந்துகினு" மாதிரி நாலு வார்த்தை சரியான இடத்தில் விழுந்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதேபோல கையில் கத்தியும் லுங்கியுமாக ஒரு ரவுடியை மூலையில் நிறுத்துவதும் வேண்டாம், சலித்துப்போன விஷயம்.

எடிட்டிங்கைக் கிண்டல் செய்ய ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ரியாலிட்டி ஷோவில் ஒருவர் எப்போதோ முறைத்ததை எடுத்து, வேறு யாரோ பேசியதற்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். நீங்களும் செய்யுங்கள். ஒரு பாட்டி வாய் பிளந்து பார்க்கும் கட்டத்தை ஒரே ஒரு தடவை நன்றாக வரைந்து, அதையே காப்பி எடுத்து மூன்று இடத்தில் போடுங்கள், ஒரு முறை சண்டைக்கு, ஒரு முறை காதலுக்கு, கடைசியில் பார்த்தால் பாட்டி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியட்டும். புரோமோவும் இப்படித்தான்: முதல் பக்கத்தில் இடி மின்னலோடு "யார் அந்தத் துரோகி?", உள்ளே திருப்பினால் யாரோ ஒருவருடைய டீயைக் குடித்திருப்பார்கள்.

பேப்பரும் பேனாவும் மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் ஏ4 பேப்பரே தாராளம். முக்கியமானது எழுத்து. தமிழ் வசனம் இடத்தை அடைக்கும், அதனால் முதலில் வசனத்தை எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றி பலூன், கடைசியில் ஆள். படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணித்தால் யாராலும் படிக்க முடியாது. வரி மடிக்கும்போது கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போகாமல் பாருங்கள். முதலில் பேசுகிறவரை இடது பக்கம் நிறுத்துங்கள், பலூன்கள் குறுக்கே பின்னிக்கொள்ளாது. மை காய்ந்த பிறகே பென்சில் கோட்டை அழிக்கவும்.

உண்மையான போட்டியாளரை வரைந்தே ஆக வேண்டுமா? சரி, அவர் ஷோவில் செய்ததையும் சொன்னதையும் கிண்டல் செய்யுங்கள், நிறம், உடம்பு, சாதி, குடும்பம் பக்கம் போகாதீர்கள். சேனல் லோகோவையும் அந்தக் கண் சின்னத்தையும் அப்படியே எடுத்து ஒட்டாமல் நீங்களே ஒன்று கண்டுபிடியுங்கள். நமது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் விமர்சனத்துக்கு விலக்கு உண்டு, பகடி என்று தனியாகப் பேர் சொல்லி எதுவும் எழுதவில்லை. கண்ணுக்குப் பதிலாக ஒரு பூட்டுத் துவாரம் வரைந்தாலே போதும், எல்லாருக்கும் புரியும்.

முடித்ததும் ஷோ பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அவர் குழாயடிச் சண்டைக்காவது சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லையென்றால் வசனத்தைக் குறையுங்கள், படத்தில் கை வைக்காதீர்கள். இன்ஸ்டாவில் போடுவதாக இருந்தால் ஒரு கட்டம் ஒரு படமாகப் பிரித்துப் போடலாம். கையில் கொடுக்க ஆசைப்பட்டால், ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வரும், ஒரு பக்க ஜெராக்ஸ் செலவுதான்.