கட்டடம் வரையும்போது கண் ஏமாறும் இடங்கள்

சென்னை மயிலை கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை முதன்முதலாக வரைகிறவர்களில் பலர் தரையிலிருந்தே சரிவைத் தொடங்கிவிடுகிறார்கள். கிடைப்பது ஒரு முக்கோணம், உச்சியில் கலசங்கள். ஆனால் கருங்கல் அடிப்பகுதி செங்குத்தாகத்தான் நிற்கிறது. அதன்மேல் செங்கல்லும் சுதையுமாக எழும் ஏழு நிலைகளே உள்வாங்கிக்கொண்டு போகின்றன. மேலே போகப் போக ஒவ்வொன்றின் உயரமும் குறைகிறது. ஏழையும் சமமாகப் பிரித்தால் பெட்டி அடுக்கியதுபோல ஆகிவிடும். கண்ணெதிரே நிற்பதை விட்டுவிட்டு, கோபுரம் என்றால் இப்படித்தான் என்று மனதில் இருப்பதைக் கை வரைந்துவிடுகிறது. மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சுதைச் சிற்பங்களில் தொடங்குவதும் வழக்கமான தவறு. பாதி வரைவதற்குள் தாள் முடிந்து கலசம் வெட்டுப்படும். முதலில் உச்சி, அடி, இடம், வலம் என நான்கு சின்னக் குறிகள், அடுத்து நடுக்கோடு. சிற்பம் கடைசியில்தான், அதுவும் நிழல் விழும் பள்ளங்களை மட்டும் காட்டினால் போதும்.

அளவெடுக்கும்போது முழங்கை மடங்கினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு வரும். கையை விறைப்பாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரல் நகத்தால் உயரத்தைக் குறித்து, அப்படியே படுக்கையாகத் திருப்புங்கள். ரிப்பன் மாளிகையின் முகப்பை நேர் எதிரிலிருந்து இப்படி அளந்தால், நீளத்தில் மணிக்கூண்டின் உயரம் ஏறத்தாழ இரண்டு முறை அடங்கும். அளக்காமல் வரைகிறவர்கள் கூண்டைத்தான் நெட்டையாக்குவார்கள். கண் அங்கேயே நிற்பதால் வரும் வினை.

நம் கண்ணின் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடான கண்மட்டக் கோட்டைப் போடாமல் தொடங்கினால் கூரை ஒரு பக்கமும் படி ஒரு பக்கமும் சாயும். நின்று பார்த்தால் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 5 அடி. நடைபாதையில் உட்கார்ந்தால் 3 அடிக்குள். கண்மட்டத்துக்கு மேலுள்ள கோடுகள் தூரம் போகப் போக இறங்கும், கீழுள்ளவை ஏறும். நடுவில் எழுந்து நின்று வரைந்தால் படம் கெட்டது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை மூலையிலிருந்து வரையும்போது இரண்டு பக்கத்துக் கோடுகளும் தூரத்தில் போய்ச் சேரும் மறைபுள்ளிகள் இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கப் பார்க்காதீர்கள்; மூலை கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கூரை விளிம்போடு பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அந்தச் சாய்வைத் தாளுக்குக் கொண்டு வாருங்கள். புள்ளி தாளுக்கு வெளியே எங்கேயோ விழட்டும்.

வளைவுகளில் சுவரின் தடிமனை விட்டுவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் வளைவு ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால், உள்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தெரியும். அந்த இரண்டாவது கோடு இல்லாவிட்டால் அட்டையில் கத்தரித்த ஓட்டைதான்.

நிழலைக் கடைசிக்கு ஒத்திப்போடக் கூடாது. கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த முகப்புகளுக்குக் காலை வெயில்தான். உச்சிக்குப் பிறகு முகப்பே நிழலுக்குள் போய்விடும். வந்ததும் நிழலின் எல்லையை லேசான கோட்டால் குறித்துவிட்டு, பிறகு அது நகர்ந்தாலும் திருத்தாமல் விடுங்கள். கைக்கடியில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும், நம் ஊர் வியர்வையில் 4பி போன்ற மென்மையான பென்சில் இழுபட்டுவிடும்.