வீட்டு வேலை அலுக்காமல் இருக்க: ஒரே ஒரு டிராயரில் தொடங்குங்கள்

‘இன்றைக்கு வீட்டையே சுத்தம் பண்ணிவிட வேண்டும்’ என்று எழுந்தால் பாதியிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அந்த வேலைக்குக் கரையே கிடையாது, எவ்வளவு செய்தாலும் செய்யாமல் விட்டதுதான் கண்ணில் படும். ‘இது முடிந்தது’ என்று சொல்லக் கிடைத்தால்தான் மனசு நிறையும். அதனால் கண்டிப்பாக முடிகிற வேலையாகப் பார்த்துப் பிடியுங்கள்.

1. ஒரு டிராயர், 25 நிமிடம்

வீட்டில் எல்லோரும் கையில் கிடைத்ததைப் போட்டு மூடுகிற டிராயர் ஒன்று இருக்குமே, அதுதான் வேண்டும். போனில் 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் படிப்புக்காக உருவாக்கிய பொமோடோரோ முறையின் (25 நிமிடம் ஒரே வேலை, பிறகு சின்ன ஓய்வு) கணக்கு இது, வீட்டு வேலைக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

2. முழுவதும் கொட்டுங்கள்

மேலாக இருக்கும் குப்பையை மட்டும் பொறுக்கினால் போதாது. பழைய துணி ஒன்றை விரித்து அடிவரை கொட்டிவிட்டு, இங்கேயே இருக்க வேண்டியவை, வேறு இடத்துக்குப் போக வேண்டியவை, வெளியே போக வேண்டியவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். பேனாவை ஒரு தாளில் கிறுக்கிப் பாருங்கள், எழுதாவிட்டால் வெளியே. எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிப்போன ரசீது, எந்தச் சாதனத்துக்கும் சேராத சார்ஜர் வயர், எல்லாம் அதே குவியலுக்கு. ‘எப்போதாவது உதவும்’ என்று தோன்றினால், கடைசியாக எப்போது உதவியது என்று யோசித்தாலே பதில் வந்துவிடும். வெள்ளைப் பொடி கசிந்த பேட்டரியை வெறுங்கையால் தொடாதீர்கள், பேட்டரிகளைத் தனியாகவே அப்புறப்படுத்துங்கள்.

3. துடைத்து, அடுக்கி, பாருங்கள்

ஈரத்துணியால் மூலைவரை துடைத்து, காய்ந்தபின் அடுக்குங்கள். காலி அட்டைப்பெட்டியின் மூடிகளே தடுப்புக்குப் போதும். அப்புறம் உடனே மூடிவிடாமல் ஒரு நிமிடம் திறந்தே வைத்துப் பாருங்கள். செய்த வேலையைக் கண்ணாரப் பார்ப்பதும் வேலையில் சேர்த்தி, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம்.

4. அடுத்த நாள், ஒரு குழாய்

பலன் பளிச்சென்று தெரிகிற வேலை இது. குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் குழாயில் சுற்றி வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியாக உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரத்தை விட்டால் திரும்பவும் கறை படியும். பளிங்குக் கல்லில் வினிகர் படக்கூடாது, கல்லையே அரிக்கும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும்.

5. அறைக்கு வரும்போது

மேலிருந்து கீழே. ஒட்டடை, ஃபேன், அலமாரி, கடைசியில்தான் தரை.

எந்த வேலையானாலும் அலாரம் அடித்தால் புதிதாக எதையும் இழுத்துப் போடாதீர்கள். ஆனால் டிராயர் வேலையின் இரண்டாவது குவியலை அந்தந்த இடத்தில் வைத்துவிட்டே உட்காருங்கள், இல்லையென்றால் அது மேசைமேல் புது அடைசலாகக் குந்திக்கொள்ளும்.