நின்றுபோன ட்ரை-ஆங் என்ஜினுக்கு உதிரிபாகம் தேடுவது எப்படி?

அறுபது ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் ட்ரை-ஆங் என்ற பெயரில் செய்த மாதிரி ரயில் என்ஜின் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. தண்டவாளத்தில் வைத்தால் அசையவில்லை. கடையில் கேட்டால், "இதெல்லாம் நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது" என்கிறார்கள். மனம் தளர வேண்டாம். உற்பத்தி நின்ற என்ஜின்களில் ட்ரை-ஆங் அளவுக்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைப்பவை மிகக் குறைவு. உடைந்தது எது, அதன் பெயர் என்ன என்று தெரிந்துகொள்வதுதான் கடினமான பகுதி. வாங்குவது அதற்குப் பிறகுதான். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல், பணப்பையைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

முதல் படி: உண்மையிலேயே பாகம் தேவையா?

அசையாத என்ஜின் எல்லாம் உடைந்த என்ஜின் அல்ல. பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தால் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். அச்சுகளில் தரைவிரிப்பின் நூலும் முடியும் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் மேற்கூட்டைக் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது இந்தப் படங்கள்தான் வழிகாட்டி.

இந்த என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எக்ஸ்04 என்ற மோட்டார். 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. சுற்றிலும் மூடி இல்லாததால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். ஒரு முனையில் கட்டைபோல் ஒரு காந்தம், நடுவில் செப்புக்கம்பி சுற்றிய ஆர்மேச்சர், அதன் தண்டின் ஒரு பக்கம் திருகுபோன்ற வார்ம் கியர், மறுபக்கம் மூன்று துண்டுகளாகப் பிரிந்த கம்யூடேட்டர். அந்தக் கம்யூடேட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். மூன்று துண்டுகளுக்கும் இடையிலுள்ள கோடுகளில் அடைந்திருக்கும் கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். சக்கரங்களின் விளிம்பையும் துடையுங்கள். அசிட்டோன் மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் கூட்டில் ஒரு துளி பட்டாலும் அது கரைந்துவிடும்.

அடுத்து பிரஷ்களை (கம்யூடேட்டரைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) அழுத்திப் பிடிக்கும் கம்பி ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் இரண்டு கால்கள் இருக்கும். ஒரு காலில் மட்டும் சிறிய மின்காப்புக் குழல் மாட்டியிருக்க வேண்டும். அது கழன்று விழுந்திருந்தால் மின்சாரம் மோட்டாருக்குள் போகாமல் சட்டத்தின் வழியாகக் குறுக்கே பாய்ந்துவிடும். குழல் உளுத்தம் பருப்பைவிடச் சிறியது. அது இல்லாததால் மட்டுமே ‘மோட்டார் போய்விட்டது’ என்று ஒதுக்கப்பட்ட என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் செய்தபின் 9 வோல்ட் பேட்டரி ஒன்றின் இரு முனைகளிலிருந்து கம்பி எடுத்து இரண்டு பிரஷ்களிலும் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுழன்றால் பெரும்பாலும் உங்களுக்கு மோட்டார் பாகம் எதுவும் தேவைப்படாது.

இரண்டாம் படி: என்ஜினின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

தொடங்குபவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது, நானும் இடறினேன். என்னிடம் இருந்த ‘ஜின்டி’ என்ற வகைச் சிறிய கறுப்பு என்ஜினின் பக்கவாட்டில் 47606 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை வைத்து இரண்டு வாரம் தேடினேன். அது நிஜ ரயில்பாதையில் ஓடிய நீராவி என்ஜினின் எண். மாதிரியைச் செய்தவர்கள் பட்டியலில் இட்ட எண் ஆர்52. உதிரிபாக உலகம் பேசுவது இந்த ‘ஆர்’ எண்ணைத்தான். பெட்டி இருந்தால் அதன் முனையில் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் பழைய விலைப்பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து வயது. அடிப்பகுதியில் பொறித்திருக்கும் பெயர் இதற்கு உதவும். ரோவெக்ஸ் என்ற நிறுவனத்தை 1951-இல் லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மை நிறுவனம் வாங்கியது. 1952 முதல் ட்ரை-ஆங் என்ற பெயரில் ரயில்கள் வந்தன. 1954-இல் தொழிற்சாலை கென்ட் மாவட்டத்தின் மார்கேட் நகருக்குப் போனது. 1964-இல் போட்டி நிறுவனமான மெக்கானோவை லைன்ஸ் பிரதர்ஸ் வாங்க, அடுத்த ஆண்டு பெயர் ட்ரை-ஆங் ஹார்ன்பி ஆனது. 1971-இல் லைன்ஸ் பிரதர்ஸ் வீழ்ந்தபின், 1972 முதல் ஹார்ன்பி ரயில்வேஸ். பெயர் இத்தனை முறை மாறியும் பாகங்களை வார்க்கும் அச்சுகள் பல மாறாமல் கைமாறின. அதனால்தான் 1950களின் என்ஜினுக்கு 1970களின் பாகம் பொருந்தும் அதிசயம் நடக்கிறது. அதே காரணத்தால், அடியில் பழைய பெயர் இருப்பதை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யவும் கூடாது.

மெக்கானோ செய்த ஹார்ன்பி டப்ளோ வேறு குடும்பம். 1938-இல் தொடங்கியது, நெடுங்காலம் மூன்று தண்டவாள முறையில் ஓடியது. அந்த முறைக்கான சக்கரங்களுக்கு மின்காப்புக் கிடையாது. அவற்றை இரண்டு தண்டவாள என்ஜினில் பூட்டினால் உடனே ஷார்ட் ஆகும். ‘பழைய ஹார்ன்பி சக்கரம்’ என்று யாராவது விற்றால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

மூன்றாம் படி: பாகத்தின் பெயரும் அளவும்

ஹார்ன்பி தன் விற்பனையாளர்களுக்காகச் சர்வீஸ் தாள்களை அச்சிட்டது. என்ஜினைப் பிரித்துப் பரப்பிய படம், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். மோட்டார் தொடர்பான பாகங்களுக்குப் பெரும்பாலும் ‘எக்ஸ்’ எண்கள். இந்தத் தாள்களின் நகல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. உங்கள் என்ஜினுக்கான தாளை அச்சிட்டு மேசையில் வையுங்கள். இனி உங்கள் தேடலுக்கு ஓர் எண் இருக்கும்.

எண் கிடைத்தாலும் அளந்து பாருங்கள். வெர்னியர் காலிப்பர் ஒன்று போதும். எக்ஸ்03 என்ற மோட்டார் பார்வைக்கு எக்ஸ்04 போலவே இருக்கும். தண்டிலுள்ள வார்ம் உங்கள் அச்சின் பல்சக்கரத்தோடு கடிக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். சக்கரத்தின் ரப்பர் வளையத்துக்கு, வளையம் உட்காரும் பள்ளத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். விளிம்பை அளந்தால் தவறான வளையம் வரும்.

நேரான பற்கள் உள்ள சாதாரணப் பல்சக்கரம் உடைந்து, எண்ணும் தெரியாவிட்டால் ஒரு கணக்கு இருக்கிறது. பற்களை எண்ணி அதோடு 2 கூட்டுங்கள். வெளிவிட்டத்தை அந்தத் தொகையால் வகுங்கள். 20 பற்கள், வெளிவிட்டம் 8.8 மில்லிமீட்டர் என்றால், 8.8-ஐ 22-ஆல் வகுக்க 0.4 வரும். இதுதான் மாட்யூல், அதாவது பல்லின் அளவைக் குறிக்கும் எண். 0.4 மாட்யூல், 20 பல், தண்டுத் துளையின் அளவு, பல்சக்கரத்தின் தடிமன் ஆகியவற்றைச் சொன்னால், ரயிலைப் பற்றி எதுவும் அறியாத பல்சக்கர வியாபாரியும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

நான்காம் படி: எங்கே தேடுவது

பிரஷ், ஸ்பிரிங், ரப்பர் வளையம், எண்ணெய்த் திண்டு போன்ற தேய்மானப் பொருள்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பிரிட்டனின் ரயில் உதிரிபாகக் கடைகளில் நேரடியாக வாங்குங்கள்; பழையதைத் தேடி அலைய வேண்டாம்.

கூடு, சட்டம், சக்கரத் தொகுதி போன்றவற்றுக்கு, ஓடாத இன்னொரு என்ஜினை வாங்கிப் பிரிப்பதே நல்ல வழி. இபேயில் ‘ஸ்பேர்ஸ் ஆர் ரிப்பேர்’ (உதிரிபாகத்துக்கோ பழுதுபார்க்கவோ) என்று குறித்து விற்பவற்றைப் பாருங்கள். ட்ரை-ஆங் என்பதை இடைக்கோடு போட்டும் போடாமலும், சேர்த்தும் பிரித்தும் தட்டச்சு செய்து தேடுங்கள். பெயரைத் தவறாக எழுதும் விற்பனையாளரிடம் போட்டி குறைவு. அடிப்பக்கத்தின் படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் வார இறுதிகளில் நடக்கும் பொம்மை ரயில் சந்தைகளில் கையில் எடுத்தே பார்க்கலாம். உங்கள் உடைந்த பாகத்தை ஒரு சிறு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வாயால் விவரிப்பதைவிட அது மேல்.

வாங்கும் முன் இரண்டு சோதனைகள். உலோகத்தில் முடிபோன்ற விரிசலோ வீக்கமோ இருந்தால் விட்டுவிடுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் அது உள்ளிருந்தே நொறுங்கும். போருக்கு முந்தைய டப்ளோ சக்கரங்களில் இது அதிகம். பசை எதுவும் அதைக் காப்பாற்றாது. மிகப் பழைய ட்ரை-ஆங் கூடுகள் செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்த்தவை. அவை சுருங்கி வளையும். வெந்நீரில் நிமிர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணைப்புக் கொக்கிகளையும் பொருத்திப் பாருங்கள். ட்ரை-ஆங் தன் கொக்கியின் வடிவத்தை வழியில் மாற்றியது. தொடக்ககாலக் கொக்கி பிற்காலப் பெட்டிகளோடு சேராது.

பழைய மின்கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் உதிரிபாகம் தேடாதீர்கள். அதில் வீட்டு மின்சாரம் நேரே பாய்கிறது. கம்பிகளின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும். புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஐந்தாம் படி: காந்தமும் பொருத்துதலும்

மோட்டார் சுழல்கிறது, ஆனால் வலுவில்லாமல் சூடாகிறது என்றால் காந்தம் தளர்ந்திருக்கும். பழைய காந்தத்தைச் சட்டத்திலிருந்து வெறுமனே உருவினால் இன்னும் வலுவிழக்கும். எடுக்கும்போதே அதன் இரு துருவங்களையும் இணைத்து ஓர் இரும்புத் துண்டை ஒட்டவையுங்கள். அதற்கு மறுபடி காந்தமேற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்04-க்கென்றே நியோடிமியம் காந்தங்களும் விற்கிறார்கள். அவை அளவில் சிறியவை என்றால் மீதி இடத்தை இரும்புத் துண்டால் நிரப்ப வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் அச்சுகளுக்கு ஊசிமுனையில் தொட்ட எண்ணெய் போதும். கம்யூடேட்டரில் ஒரு துளியும் படக்கூடாது. பெட்டிகள் இல்லாமல் என்ஜினை மட்டும் நடுத்தர வேகத்தில் அரைமணி நேரம் முன்னோக்கியும் அரைமணி நேரம் பின்னோக்கியும் ஓட்டுங்கள். புது பிரஷ்கள் கம்யூடேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படிய இந்த நேரம் வேண்டும். இடையிடையே மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, விரலை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு, அந்த ஸ்பிரிங்கின் காப்புக் குழலை மறுபடி பாருங்கள்.

கழற்றிய பழைய பாகத்தை எறியாமல் ஓர் உறையில் போட்டு, ‘ஆர்52’ என்றும் தேதியும் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து இந்த என்ஜினைத் திறப்பவருக்கு அளந்து பார்க்க அது வேண்டும்.